ஐந்தாவது பருவம்

மார்ச் கடைசியில் எங்கள் பிரிட்ஜ்
நான்கு செங்கல் உயரம் ஏறும்.
உருளைக்கிழங்கு மூட்டைகள் பரணுக்குப் போகும்,
கம்பளம் சுருண்டு அலமாரி மேலே.
கோழிகளுக்கு மாடிப்படியில் ஏழாம் படிக்கு மேல் வாசம்.
அவற்றுக்கு இது பிடித்திருக்கிறது என்பார் எல்மார்.
நாற்றம் எனக்குத்தான்.

எஸ்தோனியாவில் மற்றவர்களுக்கெல்லாம்
ஆண்டுக்கு நான்கு பருவம்.
எங்கள் சதுப்புக்கு ஐந்து.
பனி உருகுகையில் ஹாலிஸ்தே ஆறு
தன் படுக்கையில் புரண்டு படுக்கும்.
புரள்கிற பக்கம் எங்கள் வீடு.

கல்யாணமாகி வந்த வருடம் யாரும் சொல்லவில்லை.
காலையில் எழுந்து செருப்பைத் தேடினேன்.
சமையலறை நடுவே மிதந்துகொண்டிருந்தது
ஒற்றையாய், கரை சேரும் அவசரமின்றி.
அழுதேனா சிரித்தேனா, நினைவில்லை.
எல்மார் படகை ஜன்னலோரம் கொண்டுவந்து
"காபி போட்டாச்சா" என்றார்.

பிறகு பழகிற்று.
பழகிற்று என்பது பெரிய சொல்.
சேற்றைச் சுரண்டிச் சுரண்டியே மே மாதம் போகும்.
சுவர்க்காகிதம் முழங்கால் உயரத்துக்கு உரிந்து தொங்கும்.
தபால்காரி மாலே சாலை முடிகிற இடத்தில்
ஹார்ன் அடிப்பாள்; ஒரு மின்கட்டண ரசீதுக்காக
நான் அத்தனை தூரம் துடுப்புப் போடவேண்டும்.
ஆனால்
முட்டையிட வந்த மீன் ஒன்று, முழ நீளம்,
ஆப்பிள் மரத்தடியில் அசையாமல் நிற்கும்.
சௌனாவுக்குப் படகில் போவோம்,
வெந்து சிவந்து வாசலிலிருந்தே குதிப்போம்.
விளக்கை அணைத்தால் தரையில் நிலா.

கதவு நிலையில் பென்சில் கோடுகள்.
இடப்பக்கம் மகள் கெர்துவின் உயரம்,
வலப்பக்கம் வெள்ளத்தின் உயரம்.
அவள் நிற்கப் பழகிய வருடம் இருவரும் சமம்.
அந்த வருடம் பிரிட்ஜும் மிதந்தது.
அப்புறம் அவள் ஜெயித்துக்கொண்டே போனாள்,
தார்த்து நகரம் வரைக்கும்.

மற்ற நான்கும் வராமலில்லை.
கோடையில் இருட்டே கிடையாது; ஜன்னலுக்குப்
போர்வையை ஆணியடித்துத் தூங்குவோம்,
போர்வைக்கு இந்தப்பக்கம் கொசு.
செப்டம்பரில் காளான், கிரான்பெரி, முதுகுவலி.
டிசம்பரில் மூன்றரைக்கே விளக்கு.
பிர்ச் விறகு எரிய எரிய
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தீர்ந்துபோய்
ஜனவரியில் சண்டை:
உப்பு ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட்டது யார்?
மார்ச்சில் ஒருவர் ஏணி பிடிக்க
ஒருவர் மூட்டை தூக்குவோம்.
சமாதானம் என்று யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை.

இந்தக் குளிர்காலம் பனி இல்லை.
கிறிஸ்துமஸுக்குக் கெர்து குடை பிடித்து வந்தாள்.
இருந்தாலும் செங்கல் வைத்தோம்.
எல்மார் படகுக்குத் தார் பூசி
வாசல் தூணில் கட்டினார்.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி
ஆறு வேலி வரை வந்தது.
வேலியை மோந்து பார்த்தது.
திரும்பிப் போய்விட்டது.

நிம்மதி என்றேன். சத்தமாகவே சொன்னேன்.
சுரண்டச் சேறில்லை. மே மாதம் முழுசாகக்
கையில் இருந்தது.
வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.
படகு புல்மேல் சாய்ந்து கிடந்தது.
கோழிகள் இறங்க மறுத்தன.
எட்டி எட்டிப் பாலெடுத்து எனக்குத் தோள் வலித்தும்
செங்கலை எடுக்கவிடவில்லை எல்மார்.
"தாமதமாக வரலாம்" என்றார்,
கடைசி பஸ்ஸில் வருகிறவருக்குத்
தட்டை மூடி வைக்கிற குரலில்.

நேற்றுதான் இறக்கினோம். ஜூன் பாதி போய்விட்டது.
தரையைக் கழுவ ஒரு வாளி நீர் ஊற்றினேன்.
செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல்
இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார் எல்மார்.

அப்புறம் எழுந்துபோய்ப் பென்சில் தேடினார்.
நிலையின் வலப்பக்கம் குனிந்து, இன்னும் குனிந்து,
மண்டியிட்டு,
மரமும் தரையும் சேர்கிற இடத்தில்
ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் வருடம்.

எழ முடியவில்லை. முட்டி.
ஈரக் கையை நீட்டினேன்.